துடைத்து வைத்த கழிப்பறை

"கழுவக் கழுவ நாறுதும்மா," என்றார் வைரவன்.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "எது?"

"விருந்தினர் கழிப்பறை."

"யார் போனது?"

"யாருமே போகலை. பூட்டித்தான் வச்சிருக்கேன்."

உலகம்மை அடுத்த கொத்தை எடுத்து உருவினார்.

வைரவன் காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்ததும் கடையை விட்டுவிட்டு இந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்தார். அதை நடத்திவந்த உலகம்மை அவரைவிட வயதில் சிறியவர். இருந்தும் வைரவன் அவர் காலில் விழுந்து, மனதில் ஒன்றுமே மிஞ்சாமல் துடைத்துப்போட வழி கேட்டார். மந்திரம் கிடைக்கும் என்று நினைத்தார். விருந்தினருக்காகப் புதிதாகக் கட்டிய, நாற்காலி போல உட்காரும் பீங்கான் வைத்த கழிப்பறையின் சாவிதான் கிடைத்தது.

சரி, இதுதான் தவம் என்று எடுத்துக்கொண்டார்.

பித்தளைக் குடத்தைத் துலக்குவது போலப் பீங்கானைத் தேய்த்தார். ஆசிரமத்துக் கிணறு உப்புக் கிணறு. தண்ணீர் நின்றால் கறை பிடிக்கும். அதனால் பீங்கானுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரையும் துணியால் ஒற்றிப் பிழிந்து, சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் பூட்டினார்.

சில நாளில் நாற்றம் கிளம்பியது. பக்கத்திலிருந்த தியானக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஃபினாயில் ஊற்றிப் பார்த்தார். அதையும் துடைத்தெடுத்தார். அந்துருண்டை போட்டார், ஊதுபத்தி கொளுத்தினார். கழிவுத் தொட்டி நிறைந்திருக்கும் என்றார் ஒருவர். மூடியைத் திறந்தால் பாதிகூட நிறையவில்லை. காற்றுக் குழாயில் காக்கை கூடு கட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். ஏறிப் பார்த்தார்கள், குழாய் சுத்தமாக இருந்தது.

தான் செய்த பாவம்தான் நாறுகிறதோ என்றுகூட வைரவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

"மனசும் இப்படித்தாம்மா இருக்கு," என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினால், என்றைக்கோ செத்துப்போனவர்களோடு போட்ட சண்டையெல்லாம் அடியிலிருந்து கிளம்பி வருகிறது என்றார்.

உலகம்மை கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வைரவனின் மகள் உமையாள் வந்தாள். நிறைமாத வயிறு. பேறுகாலத்துக்கு முன்னால் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வந்திருந்தாள்.

வைரவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே தனக்கு உறவு என்று யாரும் கிடையாது என்றார்.

"சரி அப்பச்சி," என்றாள் அவள். கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

தோப்புக்கு அப்பால் பொதுக் கழிப்பறை இருக்கிறது என்றார். கீழே குந்தி உட்கார முடியாது என்றாள். வைரவன் விருந்தினர் கழிப்பறையைப் பார்த்தார். அப்போதுதான் துடைத்திருந்தார்.

உலகம்மை வந்து கையை நீட்டினார். வைரவன் சாவியைக் கொடுத்தார். திரும்ப அது அவர் கைக்கு வரவில்லை. உமையாள் அன்றிரவு ஆசிரமத்திலேயே தங்கினாள்.

காலையில் அந்தப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் ஈரக் கால்தடம். மூலையில் சோப்பு நுரை. உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

நாற்றம் இல்லை.

நேராக உலகம்மையிடம் போனார்.

"நேத்து சுத்தமா இருந்துச்சு, நாறுச்சு. இன்னைக்கு அழுக்காக் கெடக்கு, நாறலை. எனக்கு ஒண்ணும் விளங்கலைம்மா."

"பீங்கானுக்குள்ள என்ன இருக்கு?"

"கொஞ்சம் தண்ணி நிக்குது."

"நேத்து?"

"நேத்து அதையும் தொடச்சிட்டேன்."

உலகம்மை கையை மடக்கிக் குழாயின் வளைவு போலக் காட்டினார். "இந்த வளைவுல தண்ணி நிக்கணும். நின்னாத்தான் தொட்டியில இருக்கிற நாத்தம் மேல ஏறாது. அது வர்ற வழியைத் தெனமும் நீங்களே தொறந்து விட்டிருக்கீங்க."

வைரவன் அந்த மடங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நின்னா கறை பிடிக்குமே."

"பிடிக்கும்."

 

"அப்ப நான் இத்தனை நாள் தொடச்சதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் வாசலைப் பார்த்தார். "உமையா எங்கம்மா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறா."

வைரவன் செருப்புப் போடாமலே ரோட்டுக்கு ஓடினார்.

புளியமரத்தடியில் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள் உமையாள். எதிரே போய் நின்றார்.  அவளுக்கு அவள் அம்மாவின் நெற்றி. இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார்.

அவள் தன் முந்தானையை எடுத்து நீட்டினாள்.

"கண்ணு கலங்கியிருக்கு அப்பச்சி. தொடச்சுக்கங்க."

"இருக்கட்டும் ஆத்தா," என்றார் வைரவன்.