பியானோவுக்குள் ஒரு சுண்டெலி, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கட்சி

மலைக்காட்டின் ஓரத்தில் ஒரு மயிலும் ஒரு காட்டெருமையும் ஜென்மப் பகைவர்களாக வாழ்ந்து வந்தார்கள். மயிலின் பெயர் தோகைராயர். காட்டெருமையின் பெயர் திமிலப்பன். மேய்ச்சலில் தகராறா என்றால் இல்லை. தண்ணீரில் தகராறா என்றால் அதுவும் இல்லை. இருவரும் அடித்துக்கொண்டது சங்கீதத்துக்காக.

காட்டை ஒட்டி ஒரு பழைய பங்களா இருந்தது. அதில் கிறிஸ்டபெல் டீச்சர் தனியாகக் குடியிருந்தார். சாயங்காலமானால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பியானோ வாசிப்பார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுத்த பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. அறையில் ஈ, காக்கை இல்லாவிட்டாலும், "இப்போது ஷோப்பான்" என்றோ, "இப்போது லிஸ்ட்" என்றோ உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கட்டைகளில் கை வைப்பார். அந்த இருவரும் கடல் கடந்த தேசத்தில் பிறந்து, பியானோவுக்கென்றே பாட்டுக் கட்டி, எந்தக் காலத்திலோ போய்ச் சேர்ந்தவர்கள்.

ஜன்னலுக்கு வெளியே தைல மரத்தடியில் காட்டு மிருகங்கள் கூடும். பெயர் காதில் விழுந்ததும் பாதிக் கூட்டம் தலையை ஆட்டும். மீதிப் பாதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

"ஷோப்பான் என்றால் கண்ணீர். லிஸ்ட் என்றால் மலைச்சரிவில் தகர டப்பா உருளும் ஓசை" என்பார் தோகைராயர்.

"உம்ம ஷோப்பான் சளி பிடிச்சவன் மூக்கை உறிஞ்சுற மாதிரி இருக்கான், ராயரே. லிஸ்ட் அடிச்சா இடி இறங்கும்" என்பார் திமிலப்பன்.

இந்தக் கூத்தையெல்லாம் பியானோவுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் குறுவாலி என்ற சுண்டெலி. பியானோவின் அடிப்பெட்டியில் கம்பளித் துணுக்குகளால் கூடு கட்டி, கண் திறக்காத குஞ்சுகளை வைத்திருந்தாள். அவளுக்கு ஷோப்பானும் தெரியாது, லிஸ்ட்டும் தெரியாது. வாசிப்பு தொடங்கினால் பெட்டி முழுவதும் இதமாக அதிரும். குஞ்சுகள் தூங்கிவிடும். அவளுக்கு அது போதும். ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில்தான் பால்காரர் வீட்டுக் கடுவன் பூனை, டீச்சர் வாசலில் வைக்கும் பாலுக்கு வரும். குஞ்சுகள் கீச்சிட்டால் போதும், பாலை விட்டுவிட்டுப் பியானோ மேல் பாய்ந்துவிடும்.

ஒருநாள் உச்சிவேளையில் தோகைராயர் ஜன்னல் விளிம்பில் வந்து அமர்ந்தார்.

"குறுவாலி அம்மையே, நலந்தானா? உன்னால் கலைக்கு ஒரு பெரிய உதவி ஆக வேண்டும். லிஸ்ட்டின் ஆர்ப்பாட்டம் எல்லாம் இந்தப் பியானோவின் இடது பக்கத்தில்தான். உள்ளே சுத்தியல்களை இழுக்கும் வார்கள் இருக்கின்றன அல்லவா? இடது பக்கத்து வார்களை மட்டும் கடித்துவிடு. தினம் ஒரு கேழ்வரகுக் கதிர் கொண்டுவந்து தருகிறேன்."

"பாட்டு கெட்டுப் போயிடாதா, சாமி?"

"லிஸ்ட்தான் கெட்டுப் போவான். பாட்டு பிழைத்துக்கொள்ளும்."

குஞ்சுகளுக்குப் பால் கொடுக்கிற வயிறு. கேழ்வரகு என்றதும் அவளுக்கு நாக்கில் நீர் ஊறியது. இடது பக்கம் போனால் வலது பக்கம் இருக்கிறதே, குஞ்சுகள் தூங்க அது போதாதா என்று நினைத்தாள். வார்களில் பல்லை வைத்தாள்.

அன்று சாயங்காலம் "இப்போது லிஸ்ட்" என்றார் டீச்சர். இடி இறங்க வேண்டிய இடத்தில் டொக், டொக் என்று கட்டை ஓசைதான் கேட்டது. திமிலப்பன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஆஹா, ஆஹா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தோகைராயருக்குப் பொறுக்கவில்லை.

"உமக்குக் காது இருக்கிறதா, இல்லையா? உம்முடைய லிஸ்ட்டுக்கு இன்று இடியே இல்லை!"

அப்போதுதான் திமிலப்பனுக்கு உறைத்தது. மறுநாள் காலையில் ராயர் ஜன்னலில் கேழ்வரகுக் கதிரைப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார். பங்களாச் சுவரோரம் வந்து, குறுவாலி வெளியே போய்வரும் பொந்தருகே கொம்பைத் தேய்த்தார்.

"ராயர் போட்ட கேழ்வரகு நல்லா இருந்துச்சா, தாயி? இப்ப நான் சொல்றதைக் கேளு. வலது பக்கம் பூரா ஷோப்பானோட அழுகைதான். அதையும் அறுத்துப் போடு. இல்லேன்னா இந்தச் சுவத்துக்கு ஒரு உதை போதும். பொந்தும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே."

"ரெண்டு பக்கமும் போயிட்டா அப்புறம் என்னதான் மிஞ்சும், ஐயா?"

"நியாயம் மிஞ்சும்" என்றார் திமிலப்பன்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குறுவாலி மத்தளமாகிவிட்டாள். அழுதுகொண்டே வலது பக்கத்து வார்களையும் கடித்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் "இப்போது ஷோப்பான்" என்றார் டீச்சர். டொக், டொக், டொக். டீச்சர் கையை எடுத்துவிட்டுக் கட்டைகளையே பார்த்தார். தைல மரத்தடியில் தோகைராயரின் கண்கள் கலங்கிவிட்டன.

"என்ன மென்மை! ஓசையே காதில் படாமல் ஒருவன் பாட்டுக் கட்டியிருக்கிறான் பாருங்கள். இதுதான் ஷோப்பான்."

"இப்போது லிஸ்ட்" என்று தயங்கியபடி சொன்னார் டீச்சர். மறுபடியும் டொக், டொக்.

"இடியை உள்ளுக்குள்ளயே முழங்க விடுறான் பார்த்தீங்களா? எந்தக் கொம்பனால முடியும்?" என்றார் திமிலப்பன். எதிராளியின் பக்கத்தைத்தான் கெடுத்தோம், நம் ஆளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்று இருவருமே நம்பினார்கள். அந்தந்தக் கட்சிக்காரர்களும் தலையை ஆட்டினார்கள்.

பெட்டி அதிரவில்லை. குஞ்சுகள் நெளிந்தன. ஒன்று கீச்சென்றது. வாசலில் பாலை நக்கிக்கொண்டிருந்த கடுவன் தலையைத் தூக்கியது.

குறுவாலிக்கு உயிரே போய்விட்டது. பொந்து வழியாக ஓடி, மரத்தடிக் கூட்டத்தின் நடுவில் போய் விழுந்தாள்.

"சாமிகளா, இத்தனை வருஷமா கேக்கறீங்க. யார் பாட்டா இருந்தாலும் சரி, ஒரே ஒரு வரி முனகுங்க. என் குஞ்சுங்க தூங்கிடும். பூனை வாசல்ல நிக்குது."

கட்சிக்காரர்கள் தலைவர்களைப் பார்த்தார்கள். தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எந்த வரி?" என்று கேட்டார் தோகைராயர்.

"எதுவா இருந்தாலும் சரி."

"அப்படிச் சொல்லக் கூடாது. இருவரில் யார் உயர்ந்தவர் என்பதை முதலில் நீ ஒப்புக்கொள்ள வேண்டும்."

"அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. நான் பாடுறேன்" என்று திமிலப்பன் வாயைத் திறந்தார். வெளியே வந்தது எருமைக் கத்தல். விடுவாரா தோகைராயர்? கழுத்தை நீட்டிக் காடே அதிரும்படி அகவினார். கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நரி ஊளையிட்டது, பன்றி உறுமியது. அதில் ஷோப்பானும் இல்லை, லிஸ்ட்டும் இல்லை.

கடுவனுக்கு வால் மயிர் சிலிர்த்துக்கொண்டது. பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, வேலியைத் தாண்டி ஓடியது. அதன் பிறகு அந்தப் பக்கம் அது தலைவைத்துப் படுக்கவில்லை.

"பார்த்தீரா? ஷோப்பான் ஒரு பூனையின் நெஞ்சையே உலுக்கிவிட்டான்!" என்றார் தோகைராயர்.

"அது ஓடுனது லிஸ்ட்டுக்குப் பயந்து" என்றார் திமிலப்பன்.

குறுவாலி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பூனை திரும்பி வருவதற்குள் என்று குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, சமையலறைக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் டீச்சர் பியானோவின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். மலையேறி வந்து பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஜன்னலையும் சாத்திவிட்டார். தோகைராயர் கேழ்வரகுக் கதிரை நிறுத்திவிட்டார். வேலைதான் முடிந்துவிட்டதே.

தைல மரத்தடிக் கூட்டம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. இடையில் பியானோ வந்து கெடுக்காததால் வாதம் முன்பைவிட நன்றாக நடந்தது.

கொட்டகையில் குஞ்சுகள் கண் திறந்தன. ஆனால் சாயங்காலமானால் தூக்கம் பிடிக்காமல் புரண்டன.

"அம்மா, முன்னாடி வீடே மெல்ல நடுங்குமே, அது என்னம்மா?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

குறுவாலி தனக்கு நினைவிருந்த கொஞ்சத்தை முனகிக் காட்டினாள்.

"இதுதாம்மா, இதேதான்! இது ஷோப்பானா, லிஸ்ட்டா?"

"தெரியலைடா கண்ணு. ஒரு கதிர் கேழ்வரகுக்காக அம்மா அதைக் கடிச்சுட்டேன். தூங்கு."

எவன் பெரியவன் என்று ஓயாமல் கட்சி கட்டுகிறவர்களுக்குப் பாட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பல்லை வைக்கிறவர்களுக்குத்தான் தூக்கம் போகும்.