வாய் வைத்த டம்ளர்

குருவுக்கு நாற்பத்தைந்து வயது. சிஷ்யை தையல்நாயகிக்கு அறுபத்தொன்று. அதனால் அவர் அவளை அக்கா என்று கூப்பிடுவார். அவள் அவரைச் சாமி என்பாள். எட்டு வருஷமாக ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறாள். பிறவி, கர்மம், முக்தி என்று பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள்.

அன்று காலை வந்தவள் உட்காரவே இல்லை.

"சாமி, எங்கம்மாவுக்கு எப்படித் தண்ணி குடுக்கறது?"

குரு பூப்பறித்துக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே வைத்தார்.

அவளுடைய அம்மா காந்திமதிக்கு எண்பத்தாறு வயது. இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருக்கிறது. தொண்டைதான் மோசம். அண்ணாந்து தண்ணீர் குடித்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடுகிறது. அப்படிப் போய்க் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாகிவிட்டது.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"தாடையைக் கீழ இறக்கி, டம்ளர்ல வாய் வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணுமாம். இன்னொரு தடவை உள்ள போச்சுன்னா உடம்பு தாங்காதுன்னுட்டாரு."

"அப்படியே குடுக்கறதுதானே?"

"எங்கம்மாவா? வாய் வச்சா?" தையல்நாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சின்னப் பிள்ளைல டம்ளர்ல உதடு பட்டுச்சுன்னா கரண்டிக் காம்பால அடிப்பாங்க. இப்ப வாயை இறுக்கி மூடிக்கறாங்க. ஸ்பூனைத் தட்டிவிடறாங்க. இந்த வயசுல எச்சில் பண்ணித்தான் உயிரோட இருக்கணுமான்னு கேக்கறாங்க."

குரு கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"கைப்பிள்ளைங்களுக்கு விக்கறாங்களே, மூக்கு வச்ச கப், அதை வாங்கிட்டு வந்தேன். அம்மா, இது உனக்கு மட்டும்தான், வேற யாரும் தொட மாட்டாங்க, தாராளமா வாய் வச்சுக்கோன்னேன். தனிக் கப்பா, எனக்கென்ன தொத்து வியாதியான்னு கேட்டுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. நேத்துலேர்ந்து நாக்கை நனைச்சதோட சரி. உதடு வெடிச்சுக் கிடக்கு."

அவள் கையிலிருந்த போன் அடித்தது.

"தம்பி. கோயம்புத்தூர்லேர்ந்து. குடிச்சாங்களான்னு கேப்பான். காலைலேர்ந்து இது மூணாவது தடவை." போனை எடுக்காமல் அணைத்தாள். "நேத்து கத்திட்டேன் சாமி. குடிச்சாக் குடி, இல்லாட்டிப் போய்ச் சேருன்னு சொல்லிட்டேன். பெத்த தாயை."

குரு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். அவசரத்தில் பாதி புடவையில் கொட்டியது. மீதி புரையேறி, கண்ணில் நீர் வர இருமினாள்.

இருமல் அடங்கும்வரை குரு காத்திருந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"நீங்க சொன்னா கேப்பாங்க சாமி. கொஞ்சம் கண்டிச்சே சொல்லுங்க."

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டு வசந்தாவிடம் அம்மாவை விட்டு வந்திருந்தாள். பாவம் பார்த்து வசந்தா தண்ணீரை ஊற்றிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். குருவுக்கு மூச்சு வாங்கியது.

நினைத்தது சரியாகவே இருந்தது. வசந்தா கட்டிலருகே சொம்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். காந்திமதி தலையணையில் அண்ணாந்து வாயைத் திறந்திருந்தாள்.

"வேணாம்!"

தையல்நாயகி பாய்ந்து சொம்பைப் பிடுங்கினாள்.

"தாகம்னு அழறாங்க அக்கா, பார்க்க முடியலை" என்றாள் வசந்தா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

காந்திமதி ஒருவரையும் பார்க்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

குரு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்டிக்கப்போகிறார் என்று தையல்நாயகி காத்திருந்தாள்.

"அக்கா, எனக்கும் தாகமா இருக்கு. ஒரு டம்ளர் தண்ணி."

வீட்டில் எல்லாரும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. குரு அதை உதட்டில் வைத்தார். தாடையைக் கீழே இறக்கினார். ஒரு வாய் விழுங்கினார். நிறுத்தினார். மறுபடி ஒரு வாய்.

காந்திமதியின் கண் பெரிதானது.

"சாமி... எச்சி..."

"ஆமாம் பெரியம்மா" என்றார் குரு.

பிறகு அதே டம்ளரைத் தையல்நாயகியிடம் நீட்டினார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பழக்கத்தில் கை தானாக மேலே போனது. குரு தலையசைத்து வேண்டாம் என்றார். டம்ளர் இறங்கி வந்து உதட்டில் பட்டது. விளிம்பு சில்லென்றிருந்தது. அறுபத்தொரு வயதில், கட்டிலோடு கிடக்கும் அம்மாவிடம் அடி விழுமோ என்று பயம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்திமதி நல்ல கையை நீட்டினாள்.

"கொண்டா."

தையல்நாயகி முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். தாடையைத் தாழ்த்திப் பிடித்தாள். வெடித்த உதடு டம்ளரில் பட்டது. முதல் வாய் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் லேசாக ஒரு இருமல் வர, தையல்நாயகிக்கு உயிரே போய் வந்தது. நிறுத்தி, முதுகைத் தடவி, மூச்சு சீராகும்வரை பார்த்தார்கள். நாலாவது வாயும் இறங்கியது. கால் டம்ளர் தண்ணீருக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

வாசல்வரை குருவை வழியனுப்ப வந்தாள்.

"பத்து நாளாச் சொன்னேன் சாமி. கெஞ்சினேன், கால்ல விழுந்தேன், அழுதேன், கத்தினேன். நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. நான் சொன்னதுல என்ன தப்பு?"

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பத்து நாளும் அவங்களை மட்டும்தானே அக்கா குடிக்கச் சொன்னீங்க."