தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

பல காலம் பூட்டிக் கிடந்த சௌந்தரா டாக்கீஸை விலைக்கு வாங்கி, பழையபடி திறந்தே தீருவேன் என்று பரஞ்சோதி ஒற்றைக் காலில் நின்றார். சீமை ஓடு, மரப் பெஞ்சு, தரை டிக்கெட்காரர்கள் உட்கார ஆற்று மணல், எல்லாம் முன்பிருந்த மாதிரியே வந்தன. ஆண்களையும் பெண்களையும் பிரித்த இடுப்பளவுத் தடுப்புச் சுவரைக்கூட அவர் விடவில்லை. இந்தக் காலத்தில் இது எதற்கு என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

காரணத்தைத் தன் குருவிடம் மட்டும் சொல்லியிருந்தார். குரு, ஏரிக்கரை மடத்துச் சிவகாமி அம்மை. அவரைவிட வயதில் இளையவர்.

கல்யாணமான புதிதில் பரஞ்சோதி சுவரோரம் மணலில் உட்காருவார். மனைவி செண்பகவல்லி சுவருக்கு அந்தப் பக்கம். முகம் தெரியாது. ஆனால் சிரிப்புக் காட்சி வந்தால் அத்தனை பெண்களுக்கு நடுவிலும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கும். அவள் இறந்த பிறகு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பைத்தியக்காரத்தனம்தான். அவருக்கும் அது தெரியும்.

வெள்ளோட்டத்துக்கு அம்மையை அழைத்தார். மத்தியானம். கதவுகளைச் சாத்தியதும் வெளியே ஊர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஒளிக்கற்றையில் தூசி மெல்ல நீந்தியது. அம்மை பெஞ்சில் இருந்தார். பரஞ்சோதி தன் பழைய இடத்தில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்துக்கொண்டார்.

நடிகர் சேற்றில் விழும் சிரிப்புக் காட்சி வந்து போயிற்று.

"அம்மா, எல்லாம் வந்துடுச்சு. அவ சிரிப்பு மட்டும் வரலை. எதை விட்டுட்டேன்?"

அம்மை அந்தக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார். பரஞ்சோதியைப் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் தான் உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் பரஞ்சோதி அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்க்கத் திரை சற்றுச் சாய்ந்து தெரிந்தது. இங்கேதானே இருந்திருப்பாள் என்று மணலைத் தடவிப் பார்த்தார். அதே நடிகர் அதே சேற்றில் விழுந்தார்.

படம் நின்றது.

"அங்க என்ன கேட்டது?" என்றார் அம்மை, சுவருக்கு மறுபுறமிருந்து.

"ஒண்ணுமே கேக்கலைம்மா. உங்க பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"முதல்ல ஓட்டினப்போ நீங்களும் இப்படித்தான் இருந்தீங்க. காதை வச்சீங்களே தவிர, சிரிக்கவே இல்லை. எதைக் கேட்டு அவங்க சிரிப்பாங்க?"