சேறு ஓங்கிய திருநாள்

செண்பகக்கோட்டையை உதயசேனர் ஆண்ட காலத்தில் அந்த நாட்டில் எதுவுமே குறையாது. மழை பொய்த்தாலும் குறையாது. சட்டம் அப்படி!

சட்டத்தைக் கொண்டுவந்தவர் அமைச்சர் மங்களநாதர். "மன்னா, நம் வீட்டுப் பெண்கள் விளக்கை அணைத்தேன் என்று சொல்வதுண்டா? குளிர வைத்தேன் என்பார்கள். வளையல் உடைந்தால் பெருகிவிட்டது என்பார்கள். ஒரு வீட்டுக்கே இத்தனை மங்கலம் வேண்டுமென்றால் நாட்டுக்கு வேண்டாமா?" என்றார். மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குறைந்தது, வற்றியது, தாழ்ந்தது, இல்லை போன்ற சொற்களுக்கு அன்றே தடை விழுந்தது.

அரண்மனையில் எல்லாரும் சீக்கிரமே தேறிவிட்டார்கள். படை தோற்று ஓடிவந்தபோது, "நமக்கும் பகைவருக்கும் நடுவே தூரம் பெருகியிருக்கிறது" என்றார் சேனாபதி. பட்டத்து யானை செத்தபோது, "யானைக்கு உறக்கம் முற்றிவிட்டது" என்றான் பாகன். மன்னருக்கு முடி கொட்டியதை நாவிதர், "தங்கள் நெற்றி நாளுக்கு நாள் வளர்கிறது" என்று சொல்லி ஒரு மோதிரமும் வாங்கிப் போனார். கெட்டிக்காரர்!

மாட்டிக்கொண்டவன் வீரணன் ஒருவன்தான். பெரிய ஏரியின் மடை காப்பவன்.

"ஏரி எப்படி இருக்கிறது?" என்று மன்னர் கேட்டார்.

"வத்திப்போச்சு சாமி. வெறும் சேறுதான் கிடக்கு" என்றான், பாவி.

சபை காதைப் பொத்திக்கொண்டது. மங்களநாதர் எழுந்தார். "பொய்! ஏரி பெருகியிருக்கிறது மன்னா. வரும் வெள்ளிக்கிழமை காலை தெப்பத் திருவிழாவே நடத்திக் காட்டுகிறேன்."

"சரி. தெப்பம் நகர்ந்ததும் இவன் நாக்கை அறுத்துவிடுங்கள்" என்றார் மன்னர். வீரணனைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

சபையில் சேந்தன் என்றொரு விகடகவி இருந்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. "அரசே, பயிர் வளரும், வெள்ளம் பெருகும், பால் பொங்கும், புகழ் ஓங்கும், நோய் முற்றும். அததற்கு ஒரு சொல் இருக்கிறது. வற்றிய ஏரிக்கு மட்டும்..."

"தடைச்சொல்! தடைச்சொல்!" என்று கத்தினார் மங்களநாதர். சேந்தன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் நாக்கு ஒன்றுதானே?

அமைச்சர் சும்மா இருக்கவில்லை. ஊர்க் கிணறுகளில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாக இறைத்து வந்து படித்துறையோரம் ஊற்றச் சொன்னார். கணுக்காலளவு தண்ணீர் பளபளத்தது. தெப்பத்துக்கு அடியில் உருளைக் கட்டைகளை வைத்தார். கயிறு கட்டி இழுத்தால், பார்ப்பவர்களுக்கு அது மிதப்பது போலத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேளம் முழங்கியது. மன்னர் தெப்பத்தில் ஏறக் காலைத் தூக்கினார்.

"அரசே, ஒரு நிமிடம்!" என்று சேந்தன் ஓடிவந்தான். அவன் தோளில் ஒரு வடக்கயிறு கிடந்தது. "இடுப்பளவு நீரில் இறங்கி மன்னர் முதல் பூவை விட்ட பிறகல்லவா தெப்பம் புறப்பட வேண்டும்? முறையை விடலாமா?"

மங்களநாதர் குறுக்கே பாய்ந்தார். "வேண்டாம் மன்னா! ஆழம் மிக அதிகம்!"

"எனக்கு நீந்தத் தெரியாதா என்ன?" என்று சொல்லிவிட்டு மன்னர் பூத்தட்டோடு இறங்கினார்.

முதல் அடியில் கணுக்கால் நனைந்தது. இரண்டாவது அடியில் முழங்கால் காணோம். பிறகு இடுப்பும் சேற்றுக்குள் போனது.

"என்ன நடக்கிறது?" என்று அலறினார் மன்னர்.

கட்டியக்காரன் கடமை தவறாதவன். "சேறு ஓங்குகிறது! பராக்!" என்று முழங்கினான்.

"மண்ணின்மேல் மன்னரின் பற்று பெருகுகிறது!" என்றார் சேனாபதி.

"தங்கள் ஆழம் வளர்கிறது மன்னா!" என்றார் மங்களநாதர்.

சேறு மார்புக்கு வந்துவிட்டது. "சேந்தா! கையில் கயிறு வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்க்கிறாய்?"

"எப்படி வீசுவேன் அரசே? எல்லாம் வளர்கிறது, பெருகுகிறது என்றே சேதி வருகிறது. நல்லது நடக்கும்போது குறுக்கே விழலாமா?"

"முட்டாளே, நான் அமிழ்ந்துகொண்டிருக்கிறேன்! ஏரி வற்றிவிட்டது! இங்கே தண்ணீரே இல்லை!"

கயிறு பறந்து வந்து விழுந்தது. பத்துப் பேர் சேர்ந்து மன்னரை இழுத்துக் கரையில் போட்டார்கள். தலைமுதல் கால்வரை சேறு. ஒரு செருப்பும் போயிற்று.

"ஏரியின் நிலை உனக்குத் தெரியுமல்லவா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று சேந்தனிடம் சீறினார்.

"சொன்னவன் சிறையில் இருக்கிறான் அரசே. சொல்லாத நாங்கள்தான் பட்டு உடுத்திக் கரையில் நிற்கிறோம்."

மன்னர் தலை குனிந்தார். அந்தச் சட்டம் அந்தக் கரையிலேயே ஒழிந்தது. உடனே வீரணனை அழைத்து வரச் சொன்னார். பாவம், ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

"வீரணா, உன் நாக்குக்கு இனி ஆபத்தில்லை. நீ பார்த்ததை எல்லார் முன்னிலும் சொல். ஏரி எப்படி இருக்கிறது?"

வீரணன் மன்னரைப் பார்த்தான். மங்களநாதரைப் பார்த்தான். கைகூப்பிக்கொண்டு சொன்னான்:

"ஏரிக்குள்ள தரை நல்லா வளந்திருக்கு சாமி. சேறெல்லாம் செழிச்சுக் கிடக்கு."

மன்னர் திகைத்துப்போய்ச் சேந்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல வேளை அரசே, இன்றே வெளியே விட்டீர்கள்" என்றான் சேந்தன். "இன்னும் நாலு நாள் உள்ளே இருந்திருந்தால், அமைச்சராகவே வெளியே வந்திருப்பான்!"