தாய்க்கோழிச் சிலம்பக்கூடம்

ஜமீன்தார் செவ்வந்திநாத பூபதிக்கு மீசை எவ்வளவு பெரிசோ, பேர் மேல் ஆசையும் அவ்வளவு பெரிசு. சத்திரத்துக்கு அவர் பேர், குளத்துக்கு அவர் பேர். ஒருநாள் சிலம்பக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"தாய்க்கோழிச் சிலம்பக்கூடமா? இதெல்லாம் ஒரு பேராய்யா? நாளையிலிருந்து இது பூபதி சிலம்பக்கூடம். முடியாதுன்னா என் இடத்தைக் காலி பண்ணு!"

ஆசான் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கும்பிட்டார். களத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மாடத்திதான் வாளியைக் கீழே வைத்தாள்.

"குஞ்சைத் தூக்க வந்த பருந்தை ஒரு தாய்க்கோழி எதுத்து நின்னு விரட்டுச்சு, எசமான். அதைப் பாத்துத்தான் ஆசானோட முப்பாட்டனார் இந்தப் பேரை வச்சாரு. பின்னால நிக்கிறவங்களைக் காப்பாத்துறதுதான் இங்க முதல் பாடம். போகட்டும், உங்க பேரையே வச்சிருவோம். ஆனா கோயில் கொடைத் திருவிழாப் போட்டியில தோத்த கூடத்துப் பேரைத் தமுக்கடிச்சுச் சொல்றது ஊர் வழக்கம். நம்ம பிள்ளைங்க போன வருஷமும் தோத்தாங்க. இந்த வருஷம் எப்படிச் சொல்வாங்கன்னு இப்பவே கேட்டுருவோமா?"

அவள் கண்ணைக் காட்டியதும், வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தமுக்குக்காரர் ஓங்கி அடித்தார்.

"பூபதி மண்ணைக் கவ்விட்டாரு டோய்!"

தெருவே சிரித்தது. ஜமீன்தார் அவசரமாக வண்டியில் ஏறினார்.

"பழைய பேரே இருக்கட்டும். யாரும் காலி பண்ண வேண்டாம்."

கொடை வந்தது. பிள்ளைகள் அந்த வருஷமும் தோற்றார்கள். "தாய்க்கோழி மண்ணைக் கவ்விருச்சு டோய்!" என்று தமுக்கு முழங்கியபோது, அப்பாடா என்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் ஜமீன்தார்தான்.