தெளிந்த நீரில் இரும்பு

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்து மடம் ஒன்றில் உலகம்மை என்று ஒரு குரு இருந்தார். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் குத்தாலிங்கம், குருவைவிட வயதில் மூத்தவர். பெற்ற தாயின் சாவுக்குச் சொல்லியனுப்பாத தம்பிமேல் அவருக்கு ஆறாத கோபம். அதைத் தொலைக்கத்தான் வந்தார். கண்ணை மூடி உட்கார்ந்ததில் கோபம் போன இடம் தெரியவில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மூட்டுவலிக்காரர்கள் இறங்கி நடக்க மடத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதில் போர்வெல் தண்ணீர் நிரப்பும் வேலை குத்தாலிங்கத்துக்கு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கிருமி சாகட்டும் என்று குளோரினைக் கரைத்து ஊற்றினார். சற்று நேரத்தில் குளம் முழுக்கத் தேநீர் நிறம்.

அலறியடித்துக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"சுத்தம் பண்ணப் போயி அழுக்காக்கிட்டேன் அம்மா. குளோரின் கெட்டுப்போச்சு போல."

"குளோரின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தண்ணியில இரும்பு கரைஞ்சு கெடந்திருக்கு. குளோரின் பட்டதும் இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது."

இரும்பு என்றதும் அவருக்கு ஒரு யோசனை. காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் குளத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். அகப்பட்டது ஒரு கொண்டை ஊசி.

உலகம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, குளத்துத் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினார்.

"யாரும் எறங்க வேண்டாம். படியட்டும்."

மறுநாள் காலை பழுப்பெல்லாம் அடியில் வண்டலாகக் கிடந்தது. குரு உறிஞ்சுகுழாயைப் பிடித்து அதை மெல்ல வெளியேற்றிக்கொண்டிருந்தார். குத்தாலிங்கத்துக்குக் குழப்பம் தீரவில்லை.

"குளோரினே போடாம இருந்தா, தண்ணி அப்படியே தெளிவா இருந்திருக்குமே?"

"இருந்திருக்கும். இரும்பும் உள்ளயே இருந்திருக்கும்."

அவர் மேலே கேட்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தம்பி.

குத்தாலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது. போய்விட்டது என்று நினைத்த கோபம் அப்படியே திரும்பி வந்து நின்றது. குருவின் முன்னால் இப்படி ஆனது வெட்கமாகவும் இருந்தது.

"அம்மா, இவன உள்ள விடாதீங்க. இத்தன நாளா தெளிஞ்சு கெடந்த மனச ஒரு நிமிஷத்துல கலக்கிட்டான். இவன் உள்ள வந்தா நான் ஊருக்குக் கெளம்புதேன். யாரு இவனுக்கு வழி சொன்னது?"

உலகம்மை குழாயைக் கீழே வைத்தார்.

"நான்தான் வரச் சொன்னேன், அண்ணாச்சி."