மீன்கொத்தி கொடுத்த சின்ன மீன்

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரை நாணலில் வாத்துகள் முட்டையிட்டு அடைகாத்து வந்தன. அவற்றுக்குக் காவல் செம்பி என்னும் நாய். அவள் இருந்தவரை நரிகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அதே கரையில் ஒரு மண்பொந்தில் நீலன் என்ற மீன்கொத்தி குடியிருந்தான். ஒருமுறை அவன் குஞ்சுகளைத் தின்னக் கீரி ஒன்று வந்தது. செம்பிதான் அதைக் கடித்து விரட்டினாள். அன்று முதல் நீலன் அவளை அக்கா என்றே கூப்பிட்டான்.

அந்த வருஷம் செம்பிக்கு உடம்பெல்லாம் அரிப்பு கண்டது. சொறிந்து சொறிந்து முடி கொட்டியது. காதுகள் சிவந்து வீங்கின. பாதங்களை நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொண்டாள்.

வாத்துகளுக்குப் பயம் வந்துவிட்டது.

"இது சொறிநோய்! நம் குஞ்சுகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்! இவள் இங்கே இருக்கக் கூடாது!" என்றாள் வாத்துகளின் தலைவி பொன்னலகி.

காட்டு வைத்தியரான முள்ளம்பன்றி வந்து செம்பியைப் புரட்டிப் பார்த்தது.

"எனக்கென்னவோ இது ஒட்டும் நோயாகத் தெரியவில்லை. நீ தின்னும் ஏதோ ஒன்று உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீனாக இருக்கலாம், தவளையாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழிதான். இரண்டு மாதம் காட்டு வள்ளிக்கிழங்கு மட்டும் தின்ன வேண்டும். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. ஒரு மீன் செதில்கூடக் கூடாது!"

"இரண்டு மாதம் பொறுக்கிறோம். அதற்குள் ஆறாவிட்டால் அவள் போய்விட வேண்டும்" என்றாள் பொன்னலகி.

செம்பி ஒப்புக்கொண்டாள். கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நான்கே நாளில் விலா எலும்புகள் தெரிந்தன.

நீலனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு சின்ன மீனைப் பிடித்துவந்து அவள் முன்னால் போட்டான்.

"வேண்டாம், நீலா! வைத்தியர் சொன்னது உனக்குத் தெரியாதா?"

"விரல் நீளம்கூட இல்லை, அக்கா! இது என்ன செய்துவிடும்? உனக்காகத்தானே பிடித்து வந்தேன்!"

செம்பி மீனைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். பிறகு தின்றுவிட்டாள்.

மறுநாளும் ஒரு மீன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பிறகு தினமும் வந்தது. செம்பி வாலை ஆட்டுவதைப் பார்க்கும்போது நீலனுக்கு மனம் நிறைந்தது. பகல் முழுவதும் கிழங்கைத் தின்று கஷ்டப்படுகிறவளுக்கு இவ்வளவாவது செய்கிறோமே என்று நினைத்துக்கொண்டான்.

அரிப்பு மட்டும் குறையவே இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது. எல்லோரும் கரையில் கூடினார்கள். முள்ளம்பன்றி செம்பியின் காதைத் திருப்பிப் பார்த்தது. புண் அப்படியே இருந்தது.

"கிழங்கைத் தவிர வேறு ஏதாவது தின்றாயா? மறைக்காமல் சொல்!"

செம்பி ஒரே ஒரு தடவை நீலனைப் பார்த்தாள்.

"இல்லை, வைத்தியரே!"

சொல்லிவிடலாம் என்று நீலன் வாயைத் திறந்தான். சொன்னால் வாத்துகள் தன்னையும் கரையை விட்டுத் துரத்திவிடுமே என்ற பயம் வந்தது. பொந்தில் குஞ்சுகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டான்.

"அப்படியானால் உணவு காரணமில்லை. நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"கேட்டீர்களா? சொறிநோயேதான்!" என்று கத்தினாள் பொன்னலகி.

செம்பி யாரிடமும் கெஞ்சவில்லை. நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். நீலன் மரக்கிளையிலேயே உட்கார்ந்திருந்தான்.

பத்து நாள் கழித்து, மழை மூட்டமான ஒரு பிற்பகலில் நரிகள் வந்தன. தடுக்க யாருமில்லை. நாணலில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. பொன்னலகியையும் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போயின. உயிர் தப்பிய வாத்துகள் அன்றே குளத்தை விட்டுப் பறந்துவிட்டன.

நீலன் அழுதுகொண்டே முள்ளம்பன்றியிடம் பறந்து போய் நடந்ததையெல்லாம் சொன்னான்.

"தினமும் மீனா? ஐயோ! அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது அதுவாகவே இருந்திருக்கும்! என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றது முள்ளம்பன்றி.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் நீலன் செம்பியைத் தேடிக் கிளம்பினான். மூன்று மாதம் அலைந்து, மீன் கிடைக்கும் குளமோ ஆறோ இல்லாத ஒரு பாறைக்குன்றில் அவளைக் கண்டுபிடித்தான். அவள் காதுகள் ஆறியிருந்தன. உடம்பில் முடி அடர்ந்து வளர்ந்திருந்தது.

"இங்கே மீன் வாடைகூட இல்லை, நீலா! விழுந்த பழங்களையும் கிழங்கையும் தின்றேன். இரண்டே மாதத்தில் எல்லாம் ஆறிவிட்டது. எது என் உடம்புக்கு ஆகவில்லை என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது."

"என்னால்தான் அக்கா எல்லாம்! திரும்பி வந்துவிடு!"

"நீ கொடுத்தாய், நான் தின்றேன். இருவருமே பேசாமல் இருந்தோம்" என்றாள் செம்பி. பிறகு மெதுவாகக் கேட்டாள். "வாத்துகள் எப்படி இருக்கின்றன? குஞ்சு பொரித்தனவா?"

நீலன் தலை குனிந்தான். செம்பி அவனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இனி அங்கே வந்து நான் எதைக் காக்க?" என்று சொல்லிவிட்டு, பாறை நிழலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

நீலன் வெகுநேரம் காத்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தனியாகவே குளத்துக்குப் பறந்து போனான்.

ஆகாது என்று தெரிந்தும் இரக்கப்பட்டு ஊட்டுவதும், ஊட்டியதை மறைப்பதும் நோயாளிக்குச் செய்யும் தீங்கே.